பையர் கேட்டதும் பதில் கையில் இருக்கணும்

அம்மிணி, மூன்று ஈஆர்பி கொட்டேஷனை அனுப்பி எதை வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். மூன்றையும் படித்தேன். மூன்றும் ஓடும். ஆனால் நீ எதை வாங்கினாலும் எதிர்ச் சந்து பனியன் கம்பெனிக்காரரும் அதையே வாங்கலாம். பேரம் பேசத் தெரிந்தவர் என்றால் உன்னைவிடக் குறைத்தே வாங்குவார். அப்புறம் உனக்கு அதில் என்ன கூடுதல்?

இந்தக் கேள்வியை 2003-லேயே நிக்கோலஸ் கார் என்பவர் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுப்பி, கம்ப்யூட்டர் கம்பெனிகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எல்லோருக்கும் கிடைக்கிற பொருளால் யாருக்கும் தனி ஆதாயம் கிடையாது என்பது அவர் கட்சி. அடுத்த வருஷம் எம்.ஐ.டி.யின் பீட்டர் வெய்ல், ஜீன் ராஸ் இருவரும் ஐ.டி. கவர்னன்ஸ் பற்றி ஒரு புத்தகம் போட்டார்கள். சுமார் 250 நிறுவனங்களைப் பார்த்து எழுதியது. ஐ.டி.யில் எந்த முடிவை யார் எடுப்பது, யாரைக் கேட்டு எடுப்பது, தப்பினால் யார் பதில் சொல்வது என்பது எங்கே தெளிவாக இருக்கிறது, எங்கே குழப்பமாக இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒரே மாதிரி வியாபார நோக்கம் உள்ள கம்பெனிகளுக்குள், தெளிவாக இருப்பவற்றின் லாபம் குழப்பமாக இருப்பவற்றைவிட 20 சதவீதத்துக்கு மேல் அதிகம் என்றார்கள்.

'நிர்வாகம் நன்றாக இருக்கிற இடத்தில் எல்லாமேதான் நன்றாக இருக்கும், இதில் ஐ.டி. எங்கே வந்தது' என்று மாப்பிள்ளை மடக்குவார். அதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

2024 ஏப்ரல் 24-ல் ரிசர்வ் வங்கி கோடக் மகிந்திரா வங்கிக்கு ஓர் உத்தரவு போட்டது: ஆன்லைனிலும் மொபைலிலும் புது வாடிக்கையாளரைச் சேர்க்கக் கூடாது, புது கிரெடிட் கார்டு கொடுக்கக் கூடாது. வாராக் கடன் காரணமில்லை. உத்தரவில் இருந்த குறைகளைப் படித்தால் நம் ஆபீஸ் ஞாபகம் வரும். என்னென்ன கம்ப்யூட்டரும் மென்பொருளும் இருக்கின்றன என்ற கணக்கு, அவற்றைக் காலாகாலத்தில் அப்டேட் செய்வது, யாருக்கு எந்த லாகின், வெண்டர்களைக் கண்காணிப்பது, டேட்டா வெளியே கசியாமல் பார்ப்பது, சர்வர் படுத்தால் எழுந்திருக்க ஏற்பாடு. 2022, 2023 இரண்டு வருஷச் சோதனையிலும் சொல்லியும் சரியாகவில்லை என்றார்கள். மறுநாள் பங்கு விலை 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. தடை முழுதாக நீங்க 2025 பிப்ரவரி ஆயிற்று. அதற்கு முன்னால், சேவை அடிக்கடி முடங்கியதற்காக எச்.டி.எஃப்.சி. வங்கிக்கும் 2020 டிசம்பரில் இப்படி ஒரு தடை வந்தது. புது கார்டு கொடுக்க 2021 ஆகஸ்ட் வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் கார்டு வேண்டியவர்கள் யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. அடுத்த வங்கிக்குப் போனார்கள்.

உன் தொழிலுக்குப் பக்கத்தில் வரட்டுமா? பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்குள் 2025 ஏப்ரலில் ஆள்மாறாட்டம் செய்து திருடர்கள் புகுந்தார்கள். ஆறு வாரத்துக்கு மேல் ஆன்லைனில் ஒரு சட்டைகூட விற்க முடியவில்லை. லாபத்தில் 30 கோடி பவுண்டு அளவுக்கு அடி என்று கம்பெனியே கணித்தது. அந்தக் கோடையில் நெக்ஸ்ட் கம்பெனியின் விற்பனை எதிர்பார்த்ததைத் தாண்டியது. அதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு: நல்ல வெயில், பெரிய போட்டியாளர் ஒருவரின் வியாபாரத்தில் வந்த தடங்கல். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

உன் தையல் ஹாலில் ஊசி உடைந்தால் என்ன நடக்கிறது? எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி. அவசர ஷிப்மென்ட் என்றாலும் அப்படித்தான். அந்த ஒழுங்கில் கால்வாசியை மாடியில் இருக்கும் ஆபீஸுக்கு ஏற்றிக் கொண்டுபோனால் போதும். எப்படி என்று சொல்கிறேன்.

ஒரு ஏ4 தாள்

கோபிட், ஐ.எஸ்.ஓ. 38500 என்றெல்லாம் கன்சல்டன்ட் பெயர் சொல்வார். பெரிய கம்பெனிகளுக்கு அவை வேண்டும். உனக்கு இப்போதைக்கு ஒரு தாள் போதும். வெய்லும் ராஸும் பெரிய நிறுவனங்களுக்கே ஒரு பக்கக் கட்டம்தான் போட்டுக் காட்டினார்கள்.

இடது பக்கம் முடிவுகளை எழுது. புது மென்பொருளோ மாதச் சந்தாவோ வாங்குவது. ஒருவருக்கு லாகின் கொடுப்பது, எடுப்பது. சிஸ்டத்தில் புது மில், புது ஜாப் ஒர்க் யூனிட், புது ஸ்டைல் நம்பர் ஏற்றுவது. பார்ட்டியின் பேங்க் விவரத்தை மாற்றுவது. பையர் ஓகே சொன்ன பிறகு காஸ்டிங்கில் கை வைப்பது. மாசம் முடித்த பிறகு டேலியில் பழைய என்ட்ரியைத் திருத்துவது. சர்வர் படுத்தால் யாரைக் கூப்பிடுவது. வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் கேட்பவர், முடிவு சொல்பவர், செய்பவர்.

முடிவு சொல்லும் இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கணும். 'நானும் மாப்பிள்ளையும்' என்று எழுதினால் இருவரும் எடுக்கப் போவதில்லை என்று அர்த்தம். மரியாதைக்காக எல்லாக் கட்டத்திலும் அப்பா பெயரைப் போட்டுவிடாதே. அவர் ஒரு கல்யாணத்துக்கு ஊத்துக்குளி போனால் ஒரு லாகின் கொடுக்க ஆளிருக்காது. நூல் விலைக்கும் பெரிய செலவுக்கும் அப்பா பெயர் இருக்கட்டும். அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

இன்னொன்று. சிஸ்டம் பார்க்கிற தம்பி நல்ல பையன், எனக்கும் தெரியும். ஆனாலும் அனுமதி கொடுப்பவரும் அதைச் செய்பவரும் அவரே என்று இருக்கக் கூடாது. யாராவது போன் பண்ணி 'அக்கா சொல்லிட்டாங்க, பாஸ்வேர்டு மாத்திக் குடு' என்றால் அவர் மறுக்க முடியாது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரில் நடந்ததும் ஆள்மாறாட்டம்தான். தாளில் உன் பெயர் இருந்தால் 'அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்' என்று சொல்ல அவருக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.

சாவி யார் பெயரில்?

இதை இந்த வாரமே பார்த்துவிடு. கம்பெனி வெப்சைட் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? பெரும்பாலும் அதை டிசைன் பண்ணிக் கொடுத்தவர் பெயரில் இருக்கும். அவரோடு மனஸ்தாபம் வந்தால் உன் ஈமெயில் மொத்தமும் அவர் கையில். ஜி.எஸ்.டி. போர்ட்டலில் இருக்கும் மொபைல் நம்பர் யாருடையது? வேலையை விட்டுப் போன அக்கவுண்டன்ட்டின் நம்பராக இருந்தால், ஓ.டி.பி. வேண்டும்போதெல்லாம் அவர் போனை எடுக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு உட்காரணும். ஐஸ்கேட் லாகின், டி.ஜி.எஃப்.டி. லாகின் யாரிடம்? டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆடிட்டர் ஆபீஸ் மேஜை டிராயரில் கிடக்கிறதா? அது உன் கையெழுத்து, அம்மிணி. நிரப்பாத செக்கில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுத்து வைக்க மாட்டாய் அல்லவா?

இவற்றையெல்லாம் ஒரு பட்டியலாக்கி, எது யார் பெயரில், எந்த நம்பரில், எப்போது புதுப்பிக்கணும் என்று எழுதி வை. கம்பெனிக்கென்று ஒரு சிம், ஒரு ஈமெயில் வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்று. நெட்பேங்கிங்கில் ஒருவர் பதிவதும் இன்னொருவர் ஒப்புவதுமாக இரண்டு பேர் வேண்டும். இரண்டு டோக்கனும் ஒரே டிராயரில் இருந்தால் அது ஏமாற்று வேலை.

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் கம்பெனி மாறுவது வாடிக்கை. மாறுவது தப்பில்லை. அவர் போனில் இருக்கும் வாட்ஸ்அப் பேச்சோடு லேப் டிப் ஓகேயும், சாம்பிள் கமென்ட்டும், பையர் கொடுத்த தேதி நீட்டிப்பும் கிளம்பிப் போவதுதான் தப்பு. வாட்ஸ்அப்பில் பேசட்டும், நாம் தடுக்க முடியாது. ஒப்புதல் என்று ஒன்று வந்தால் அன்றைக்கே கம்பெனி மெயிலில் 'நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்' என்று ஒரு வரி போகணும். ஆள் விலகும் நாளில் எந்தெந்த லாகினை மூடுவது என்ற பட்டியலை செட்டில்மென்ட் வவுச்சருக்குப் பின்னால் ஒட்டிவிடு. பணம் வாங்கும் நேரத்தில் அது தானாக நடந்துவிடும்.

பாஸ்வேர்டு பற்றிச் சொல்லச் சொல்ல உனக்குக் கொட்டாவி வரும். ஒன்றே ஒன்று சொல்கிறேன். பிரிட்டனில் கே.என்.பி. என்று ஒரு லாரிக் கம்பெனி, 158 வருஷப் பழசு. 2023-ல் ஓர் ஊழியரின் எளிதான பாஸ்வேர்டை ஊகித்துத் திருடர்கள் உள்ளே வந்ததாகச் சொல்கிறார்கள். எல்லா டேட்டாவையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். கம்பெனி மூடிற்று, சுமார் 700 பேருக்கு வேலை போயிற்று. மானிட்டரில் ஒட்டியிருக்கும் அந்த மஞ்சள் சீட்டை முதலில் கிழி. மெயிலுக்கும் பேங்குக்கும் இரண்டாவது சரிபார்ப்பைப் போடு. அவ்வளவுதான்.

நூல் எங்கிருந்து வந்தது?

நீ போட்டியில் முந்தப்போவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 2022 ஜூன் 21 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் விளைந்த பருத்தி ஓர் உடையில் கலந்திருந்தால், அது கட்டாய உழைப்பில் வந்தது என்றே கணக்கு. இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதி செய்பவர் பொறுப்பு. உன் பையர் அந்தப் பொறுப்பை உன் தலையில் வைப்பார். பஞ்சு எந்த ஊர், நூல் எந்த மில், எந்த லாட், எங்கே நிட்டிங், எந்தச் சாயப்பட்டறை, எந்த அட்டைப்பெட்டியில் போயிற்று என்று தாள் தாளாகக் கேட்பார். ஐரோப்பாவும் அதே பாதையில்தான் போகிறது. அங்கே 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பொருட்களுக்கு வகை வகையாக டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கப் போகிறார்கள். முன்னுரிமை கொடுத்திருப்பதில் ஜவுளியும் ஒன்று.

ஆர்கானிக் ஆர்டர் என்றால் இன்னும் நெருக்கம். கோட்ஸ் சான்றிதழுக்கு எடைக் கணக்கு ஒத்துப்போகணும். எத்தனை கிலோ நூல் வாங்கினாய், நிட்டிங்கிலும் சாயத்திலும் கட்டிங்கிலும் எவ்வளவு கழிந்தது, எத்தனை கிலோ பீஸாகப் போயிற்று என்று அவர்கள் கூட்டிப் பார்ப்பார்கள். நூல் மில்லில் ஒரு கணக்கு, டெலிவரி சலானில் ஒரு கணக்கு, மெர்ச்சண்டைசரின் எக்செல்லில் ஒரு கணக்கு என்றால் அங்கேயே நின்றுவிடும்.

நம் ஊரில் துணி ஒரு கூரைக்குள் உருவாவதில்லை. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங் ஒரு இடம், பிரிண்டிங் வேறொரு இடம், அவசரம் என்றால் தையலே வெளியில் பவர் டேபிளுக்குப் போகும். ஒவ்வொரு கை மாறும்போதும் லாட் நம்பர் தொலைய ஒரு வாய்ப்பு. எந்த ஈஆர்பியாலும் இதைத் தடுக்க முடியாது. 'லாட் நம்பர் இல்லாத துணியை நான் உள்ளே எடுக்க மாட்டேன்' என்று சொல்ல குடோன்காரருக்கு அதிகாரம் இருந்தால்தான் தடுக்க முடியும்.

அந்த அதிகாரத்தை நீ எழுதிக் கொடுத்துவிடலாம். ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு சாயப்பட்டறை வண்டி வந்து நிற்கும். சலானில் லாட் நம்பர் இருக்காது. காலையில் கட்டிங் தொடங்கணும், இல்லாவிட்டால் தூத்துக்குடியில் கப்பலை விடணும், ஏர் ஷிப்மென்ட் போட்டால் லாபமெல்லாம் போய்விடும். மாப்பிள்ளை 'இந்த ஒரு தடவை எடுத்துக்கோ, நம்பரை அப்புறம் போட்டுக்கலாம்' என்பார். அன்றைக்கு நீ யார் பக்கம் நிற்கிறாய் என்பதைப் பொறுத்துத்தான் நீ போட்ட அந்த விதி நிற்கும் அல்லது போகும். அவ்வளவு கெடுபிடியும் வேண்டாம். பட்டறைக்குப் போன் போட்டு நம்பரை வாங்கி, மெயிலில் உறுதி வாங்கி, கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். விதிவிலக்கு கொடுக்கலாம். கொடுத்தவர் பெயரும் நேரமும் பதிவாகணும், அதுதான் முக்கியம்.

பெயர்ப் பட்டியல் இன்னொரு தலைவலி. ஒரே மில்லை ஒருவர் இனிஷியலோடு ஏற்றியிருப்பார், இன்னொருவர் முழுப்பெயரில், மூன்றாமவர் பிரைவேட் லிமிடெட் சேர்த்து. நேவி புளூ நான்கு ஸ்பெல்லிங்கில் இருக்கும். பையர் கேட்கும்போது தேடினால் பாதிதான் கிடைக்கும். புதுப் பெயர் ஏற்றுவது ஒரே ஓர் ஆளின் வேலை. மற்றவர்கள் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கத்தான் முடியணும். இதற்குப் பொறுப்பாக, நிதானமும் கொஞ்சம் பிடிவாதமும் உள்ள ஆளாகப் பார். ஸ்டோரில் இருக்கும் அந்த அக்கா சரியாக இருப்பார் என்பது என் எண்ணம்.

காஸ்டிங் ஷீட்டுக்கும் இதே கதைதான். 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் ஓகே 2' என்று மூன்று ஃபைல் மூன்று லேப்டாப்பில் இருந்தால், பையருக்குப் போன விலை எந்த ஃபைலில் இருந்து போனது? ஒரு பொது ஃபோல்டர், பையர் ஓகே சொன்னதும் அந்த ஃபைலுக்குப் பூட்டு. ஷிப்மென்ட் முடிந்த பிறகு நிஜச் செலவை அதற்குப் பக்கத்தில் போட்டுப் பார். எந்த ஸ்டைல் கையைக் கடித்தது, எந்தப் பட்டறையில் கழிவு அதிகம், எந்தப் பையர் சாம்பிளிலேயே உன்னை அலைக்கழிக்கிறார் என்பது ஒரு சீசனில் தெரிந்துவிடும். அடுத்த முறை விலை சொல்லும்போது நீ கணக்குப் பார்த்துச் சொல்வாய், எதிர்ச் சந்துக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்வார். பையரின் பட்டியலை ஒரு மதியத்தில் நிரப்பி அனுப்பும் கம்பெனிக்கும், பதினைந்து நாள் இழுத்து இரண்டு தாள் குறைவாக அனுப்பும் கம்பெனிக்கும் தையலில் வித்தியாசமே இல்லாமல் இருக்கலாம். ரிப்பீட் ஆர்டர் எங்கே போகும் என்று நீயே சொல்.

அக்கவுண்ட் மாறிவிட்டது என்று மெயில் போனால்

ஏற்றுமதிக்காரர்களைக் குறிவைக்கும் பழைய வித்தை. உன் மெயிலிலோ பையரின் மெயிலிலோ ஒருவன் சத்தமில்லாமல் உட்கார்ந்து இன்வாய்ஸ் போக்குவரத்தைப் படிப்பான். பணம் வரும் சமயத்தில், ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து பையருக்கு மெயில் போகும்: ஆடிட் காரணமாக எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த நம்பருக்கு அனுப்புங்கள். பையர் அனுப்பிவிடுவார். சரக்கு அங்கே, பணம் வேறெங்கோ.

புதுப் பையரோடு முதல் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்: எங்கள் வங்கி விவரம் மெயிலில் மாறாது, மாறினால் இந்த இரண்டு நம்பரில் பேசி உறுதிசெய்த பிறகே பணம் அனுப்புங்கள். நீ பணம் கொடுக்கும் மில்லுக்கும் ஜாப் ஒர்க்காரருக்கும் இதையே கடைப்பிடி. மெயிலில் போட்டிருக்கும் நம்பருக்குக் கூப்பிடாதே, உன்னிடம் பழையபடி இருக்கும் நம்பருக்குக் கூப்பிடு. உன் பணம் தப்பான இடத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930-க்கு அடி, பேங்குக்கும் சொல். மணிக்கணக்கில் யோசித்தால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும். பையர் வெளிநாட்டில் இருந்து அனுப்பியிருந்தால் அவர் தன் வங்கியை அந்த நிமிஷமே பிடிக்கணும். யார் கூப்பிடுவது என்பதும் அந்த ஏ4 தாளில் இருக்கட்டும்.

கானாவில் கரண்ட் போன கதை

2017 ஜூனில் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியை நாட்பெட்யா என்ற வைரஸ் அடித்தது. 45,000 கம்ப்யூட்டர்களையும் 4,000 சர்வர்களையும் பத்து நாளில் புதிதாக நிறுவினார்கள். நெட்வொர்க்கில் யார் யாருக்கு என்ன அனுமதி என்று வைத்திருக்கும் மூல சர்வர்கள் உலகம் முழுக்க ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன, எல்லாம் ஒரே சமயத்தில் அழிந்தன. கானா நாட்டில் ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்ததாம். நம் ஊர் மின்வெட்டைத் திட்டும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும் நகல் பேக்கப் ஆகாது. சர்வரோடு எந்நேரமும் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் ஆகாது, வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டும். இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் போடு. ஒன்று எப்போதும் கழற்றி வீட்டு பீரோவில் இருக்கட்டும். மேகத்தில் ஒரு நகல் தனியாக. பேக்கப் எடுத்தாயா என்று கேட்காதே, திருப்பி ஏற்றிப் பார்த்தாயா என்று கேள். கிட்லேப் என்ற கம்பெனி, உலகம் முழுக்க சாப்ட்வேர் எழுதுகிறவர்கள் நம்பியிருக்கும் இடம். 2017 ஜனவரியில் ஒருவர் தப்பான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து வித பேக்கப் ஏற்பாட்டில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆறு மணிநேரத்துக்கு முன் யாரோ எடுத்த ஒரு நகல் காப்பாற்றியது. மூன்று மாசத்துக்கு ஒருமுறை பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் டேலி டேட்டாவை ஏற்றி, போன மாச பேலன்ஸ் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்.

சட்டம் கேட்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீளமில்லை. பிரைவேட் லிமிடெட் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் யார் எதைத் திருத்தினார் என்ற தடம் பதிவாகணும், அதை அணைக்க முடியாதபடி இருக்கணும். டேலியில் எடிட் லாக் இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேள். சைபர் தாக்குதல் தெரிந்தால் ஆறு மணிநேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்லணும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்கணும். இது 2022 உத்தரவு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாச அவகாசம், அபராதத்தின் உச்சம் 250 கோடி ரூபாய். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்பிள்ளைகளின் ஆதார் நகல், போட்டோ, கைரேகை எல்லாம் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அபராதத்துக்காக வேண்டாம், அந்தப் பிள்ளைகளுக்காக அதை முதலில் நிறுத்து.

அந்த ஈஆர்பி

வாங்கலாம், ஆனால் தாளும் பெயர்ப் பட்டியலும் முடிந்த பிறகு. குழப்பத்தை அப்படியே ஏற்றினால் வேகமான குழப்பம் கிடைக்கும். பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வாரக் கடைசியில் எல்லாக் கணக்கையும் புது சிஸ்டத்துக்கு மாற்றியது. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கையே பார்க்க முடியாமல் தவித்தார்கள். நாலு வருஷம் கழித்து வங்கிக்கு 4.86 கோடி பவுண்டு அபராதம். அதோடு விடவில்லை, அப்போது ஐ.டி. தலைவராக இருந்தவருக்கு 2023-ல் தனியாக 81,000 பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டார்கள். வெண்டர் தயாராக இருக்கிறாரா என்று சரியாக உறுதிசெய்யவில்லை என்று.

ஷிப்மென்ட் நெருக்கும் மாசத்தில் மாறாதே. முதலில் ஸ்டோரும் துணி குடோனும், அது நின்ற பிறகு புரொடக்ஷன், கணக்கு கடைசியில். பழையதும் புதியதும் இரண்டு மாசம் சேர்ந்தே ஓடட்டும். பணியாளர்கள் முனகுவார்கள், அதற்கு ஓவர்டைம் கொடு. 'இதற்கு மேல் வேண்டாம், பழையதுக்குத் திரும்பு' என்று சொல்லும் உரிமை யாருக்கு என்று தொடங்கும் முன்னால் எழுதி வை. வெண்டரிடம் மூன்று விஷயம் எழுத்தில் வாங்கு: விட்டு விலகினால் என் டேட்டா எந்த வடிவத்தில், எத்தனை நாளில் கிடைக்கும், உங்கள் ஆட்களில் யார் யாருக்கு என் சிஸ்டத்தில் நுழைய முடியும், இரண்டாம் வருஷப் பராமரிப்புத் தொகை எவ்வளவு. பதில் சொல்லத் தயங்குகிறவரை நான் விட்டுவிடுவேன், ஸ்கிரீன் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அப்புறம் மாசம் அரைமணி நேரம் உட்காருங்கள். நீ, மாப்பிள்ளை, சிஸ்டம் தம்பி, கணக்கு பார்ப்பவர், குடோன்காரர். கன்சல்டன்ட் வேண்டாம். இந்த மாசம் யாருக்கு விதிவிலக்கு கொடுத்தோம், எது படுத்தது, எவ்வளவு நேரம், யார் சேர்ந்தார், யார் போனார், பையர் கேட்டதில் எதற்கு உடனே பதில் இல்லை. ஒரு நோட்டில் ஐந்து வரி. குடோன்காரரை முதலில் பேச விடு, இல்லாவிட்டால் மாப்பிள்ளை பேசி முடித்த பிறகு அவர் 'ஒண்ணுமில்லைங்க' என்றுதான் சொல்வார். முதல் கூட்டத்துக்கு சாவிப் பட்டியல் மட்டும் போதும். செவ்வாய்க்கிழமை காலையில் வை. சனிக்கிழமை சம்பளம் போடும் நாள், அன்றைக்கு யார் காதிலும் எதுவும் ஏறாது.